மலையை நேசித்த தந்தை



ஜூலை மாதம் பிறந்துவிட்டால் கினிகத்தேனையில் மழை விருந்தாளியைப் போல வந்து போவதில்லை. வீட்டு ஆளாகவே தங்கிவிடுகின்றது. அவிசாவளையிலிருந்து ஹட்டனை நோக்கிச் செல்லும் வீதி கித்துல்கலையைக் கடந்து, வளைந்து வளைந்து மேலேறிக் கினிகத்தேனையை அடைகின்றது. தென்மேல் பருவக்காற்றும் அதே திசையில்தான் மேலேறி வருகின்றது. வட்டவளையையும் உள்ளடக்கிய இப்பிரதேசம் இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் பகுதிகளுள் ஒன்றாகும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்யும் இடங்கள் இங்கு உண்டு. 'தீப்பற்றிய சேனை' என்று பொருள்படும் சிங்களப் பெயரைத் தாங்கிய ஊர் இத்துணை ஈரமாக இருப்பது எனக்குச் சிறுவயது முதலே ஒரு வியப்பு.

இந்த ஈர மண்ணில்தான் என் தந்தை துயில்கொள்கின்றார். 2016 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆண்டவர் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். ஒவ்வோர் ஆண்டும் அவரது நினைவுத் திருப்பலியை ஒப்புக்கொடுப்பதற்காக நான் ஊருக்குச் செல்வது வழக்கம். திருப்பலி முடிந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு தோட்டத்து மயானத்துக்குப் போவோம். ஓராண்டு, விடியற்காலை முதல் பெய்த மழை திருப்பலி முடியும் வேளையில் சற்றே ஓய்ந்தது. ஆலயத்து வாசலில் நின்ற அம்மா மயானம் இருக்கும் திசையைப் பார்க்கவில்லை. எதிரேயிருந்த மலையைப் பார்த்துக்கொண்டு, "மழை விட்டிருச்சி தம்பி. ஒங்கப்பா இருந்தா இந்நேரம் வீட்டுல இருக்கமாட்டாரு" என்றார்.

ஒரு மனைவி தன் கணவரைப் பற்றிச் சொல்லக்கூடிய வார்த்தைகளுள் இதைவிட உண்மையானதை நான் கேட்டதில்லை. அவர் எப்போதும் வெளியில்தான் இருந்தார். மலையிலும் ஓடைக்கரையிலும் வானத்தின் கீழும் வாழ்ந்த மனிதர் அவர். அதை நான் சரியாக விளங்கிக்கொள்வதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. விளங்கிக்கொள்ள எனக்கு உதவியவர் அதே ஜூலை மாதத்தில் இறைவனடி சேர்ந்த இன்னொரு தந்தை. அவரைப் பற்றியும் இங்கு சொல்ல வேண்டும்.

வானத்தின் கீழே ஒரு வாழ்க்கை

என் தந்தை 1945 ஆம் ஆண்டில், கினிகத்தேனைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயத்துக் காம்பராவில் பிறந்தவர். அவருக்கு மூன்று வயதானபோது வந்த 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலட்சக்கணக்கான மலையக மக்களைப் போலவே அவரையும் நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அவருடைய குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த சகோதரர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் வழியாக நீலகிரிக்குச் சென்றார். என் தந்தை இங்கேயே தங்கினார். 2003 ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின் பின்னரே அவர் இந்நாட்டின் பிரஜையானார். அப்போது அவருக்கு வயது 58.

நாடு அவரைத் தன் பிள்ளையென்று ஏற்றுக்கொள்வதற்கு முன்னரே மலை அவரை ஏற்றுக்கொண்டிருந்தது. கான் வெட்டுவதும், முள்ளுக் குத்துவதும், கவ்வாத்து வெட்டுவதும் அவருடைய தொழில். அவற்றுள் கவ்வாத்தை அவர் மிகவும் விரும்பினார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு மலையே மொட்டையாகிவிட்டதாகத் தோன்றும். வெட்டிய மிலாறுகளைக் கட்டிச் சுமந்து வீட்டுக்கு விறகாகக் கொண்டுவருவார் அப்பா. சில வாரங்களில் அந்தக் கட்டைகளில் ஊசிமுனை அளவில் தளிர் எழும்பும். அன்று மாலை எங்களை அழைத்துச் சென்று அதைக் காட்டாமல் அவர் இருந்ததில்லை. யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் திராட்சைக் கொடியைத் தறித்துவிடும் தந்தையைப் பற்றிப் பேசுகின்றார். அப்பகுதியை விளக்கக் குருமடத்தில் எனக்குப் பல நூல்கள் கிடைத்தன. ஆயினும் அதன் பொருளை நான் முதலில் படித்தது அந்த மொட்டை மலையில்தான்.

தொழில் முடிந்து வந்த பின்னரும் அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஓய்வெடுப்பவர் அல்லர். லயத்துக்குப் பின்னால் இருந்த சிறு துண்டு நிலத்தில் அவரை, போஞ்சி, கீரை என்று ஏதாவது ஒன்று அவர் கையால் வளர்ந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி முடிந்ததும் கெஹெல்கமு ஓயாவை நோக்கி இறங்கும் ஓடைகளில் ஒன்றுக்குத் தூண்டிலோடு புறப்படுவார். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்துதான் களனி கங்கையாகக் கொழும்புக்குப் போகின்றது என்பதை நான் பள்ளிப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னரே, ஓடைக்கரையில் ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்து அவர் எனக்குக் கற்பித்துவிட்டார். பிடித்த மீனில் முதல் மீன் எங்கள் வீட்டுக்கு வராது. அடுத்த லயத்தில் தனியாக வாழ்ந்த ஒரு விதவைத் தாயின் வாசலில் அதைச் சேம்பிலையில் சுற்றி வைத்துவிட்டு வருவார்.

பறவைகளையும் அவர் நன்கு அறிந்திருந்தார். ஒக்டோபர் மாதமளவில் இந்தியாவிலிருந்து வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிச் செல்லும் ஆறுமணிக்குருவியின் முதற் குரலுக்காக ஒவ்வோர் ஆண்டும் காத்திருப்பார். விடியலிலும் அந்தியிலும் அது ஒலிக்கும். "பாத்தியா, கடலத் தாண்டி வருது, போவுது. எந்தக் கச்சேரியிலயும் அதுகிட்ட கடுதாசி கேக்கல" என்று சொல்லிச் சிரிப்பார். நீலகிரிக்குப் போன அண்ணனின் நினைவு அந்தச் சிரிப்புக்குள் இருந்ததை நான் வளர்ந்த பிறகே உணர்ந்தேன்.

மலையை அவர் நேசித்தது அழகுக்காக மட்டுமன்று. மலைக்கு அஞ்சவும் அவர் அறிந்திருந்தார். தெளிந்து ஓடிய ஓடை திடீரெனக் கலங்கினால், நேராக நின்ற சவுக்கு மரம் ஒரு பக்கம் சாய்ந்தால், நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றினால், இல்லாத இடத்தில் ஊற்றுக் கசிந்தால், லயத்து மக்களிடம் சென்று சொல்லிவிடுவார். இன்று மண்சரிவு பற்றி அதிகாரிகள் தரும் அறிவுறுத்தல்களிலும் இவையே முக்கிய அறிகுறிகளாகக் கூறப்படுகின்றன. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகம் சிந்திய கண்ணீரையும் நாம் மறக்க முடியாது. மலையை உற்றுநோக்கி வாழும் பெரியவர்கள் ஒரு சமூகத்துக்கு எத்துணை பெரிய காவல் என்பதை இத்தகைய நாட்கள் நமக்கு உணர்த்துகின்றன.

அவர் அதிகம் செபம் சொல்லி நான் கேட்டதில்லை. செபமாலை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். நடக்கும்போது விரல்கள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். மலையுச்சியை அடைந்ததும் தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு சற்று நேரம் அசையாமல் நிற்பார். "என்னப்பா செபம் சொன்னீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. சும்மா பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். ஆர்ஸ் நகரின் பங்குத்தந்தையான புனித ஜோன் மரிய வியான்னி, ஆலயத்தில் எதுவும் பேசாமல் ஆண்டவரைப் பார்த்தபடியே அமர்ந்திருந்த ஓர் எளிய விவசாயியைப் பற்றி வியந்து பேசியதைப் பின்னாளில் படித்தபோது, அந்த விவசாயியின் முகத்தை நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவையும் எழுதும் நான் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டி அம்பிட்டியவில் தேசிய குருமடத்தில் நான் பயின்றுகொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் அப்பா என்னைப் பார்க்க வந்தார். நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிவரை பஸ்ஸில் வந்தவர், அங்கிருந்து வேறு பஸ் ஏறாமல் மேட்டு வழியே நடந்தே வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கால்களில் சேறு, தோளில் ஒரு சாக்கு. அதற்குள் பலாக்காயும், சேம்பிலையில் சுற்றிய மீனும் இருந்தன. என் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏம்பா இதையெல்லாம் தூக்கிக்கிட்டு வந்தீங்க?" என்று நான் கேட்ட தொனியை இன்றும் நினைக்கையில் வெட்கப்படுகின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போதும் நடந்தே போனார்.

அலென்சோன் நகரத்துக் கடிகாரத் தொழிலாளி

இப்போது இன்னொரு தந்தையைப் பார்ப்போம். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லை. அவருடைய தந்தை லூயி மார்ட்டின், 1823 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் திகதி பிரான்சின் போர்தோ நகரில் ஓர் இராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். கடிகாரம் செய்யும் தொழிலைக் கற்றவர். 1845 ஆம் ஆண்டில், தமது 22 ஆவது வயதில், அல்ப்ஸ் மலையிலுள்ள பெரிய புனித பெர்னார்து துறவு மடத்தின் கதவைத் தட்டினார். அம்மடம் சுமார் 2,470 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. நம் சிவனொளிபாத மலையின் உச்சி 2,243 மீற்றர் என்பதை நினைத்தால் அந்த உயரம் நமக்கு விளங்கும். பனியில் வழிதவறும் பயணிகளைக் காப்பாற்றுவது அத்துறவிகளின் பணி. இலத்தீன் மொழி தெரியாத காரணத்தால் லூயி அங்கு ஏற்றுக்கொள்ளப்படவில்லை. மலையில் வாழ விரும்பிய இளைஞர் மலையிறங்கி வந்து, அலென்சோன் நகரில் கடிகாரக் கடையொன்றைத் திறந்தார்.

1858 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் திகதி, சரிகைப் பின்னல் தொழிலில் சிறந்து விளங்கிய செலி கெரான் என்னும் பெண்ணை அவர் மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். எஞ்சிய ஐந்து பெண்களும் துறவறம் புகுந்தார்கள். இவ்வளவும் நாம் மறையுரைகளில் அடிக்கடி கேட்பவை. ஆனால் லூயி வெளியுலகை எவ்வளவு நேசித்தவர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

திருமணத்துக்கு முன்னரே அவர் நகரின் ஓரத்தில் ஒரு சிறு கோபுர வீட்டையும் தோட்டத்தையும் வாங்கியிருந்தார். அங்கே செடி வளர்ப்பார், வாசிப்பார், செபிப்பார். தூண்டில் போடுவது அவருக்கு மிகவும் பிடித்தமானது. பிடித்த மீனை அலென்சோனிலிருந்த ஏழை கிளாரா சபைக் கன்னியருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வழக்கம். நீண்ட தூரம் கால்நடையாகத் திருயாத்திரை செல்வதில் அவருக்கு அலுப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், வருமானம் குறைந்தாலும் கடையைத் திறக்க மாட்டார். தம் கணவரைப் போன்ற ஒருவர் எல்லாப் பெண்களுக்கும் வாய்க்க வேண்டும் என்று செலி தம் சகோதரருக்கு எழுதிய கடிதமொன்றில் குறிப்பிட்டிருக்கின்றார்.

1877 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28 ஆம் திகதி, மார்பகப் புற்றுநோயினால் செலி இறந்தார். கடைக்குட்டி தெரேசாவுக்கு அப்போது நான்கரை வயது. லூயி தம் ஐந்து பெண்களுடன் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். தாயில்லாப் பிள்ளையைத் தேற்ற அந்தத் தந்தை செய்தது மிக எளிய காரியம். ஒவ்வொரு பிற்பகலும் அவளைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்றார். வழியில் ஓர் ஆலயத்தில் நற்கருணை ஆண்டவரைச் சந்தித்துவிட்டு நடையைத் தொடர்வார்கள். அவர் ஆற்றங்கரையில் தூண்டிலோடு அமர்ந்திருக்கும்போது, சிறுமி தெரேசா சற்றுத் தள்ளிப் புல்வெளியில் பூக்களின் நடுவே அமர்ந்து மௌனமாகச் சிந்திப்பாள். அது ஆழ்ந்த செபம் என்பது தமக்கே தெரியாமல் தாம் செபித்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் தெரேசா எழுதினார். இரவில் வீடு திரும்பும்போது, விண்மீன்கள் சேர்ந்து தன் பெயரின் முதல் எழுத்தை எழுதியிருப்பதாக அப்பாவுக்குக் காட்டுவாள். வானத்தைப் பார்த்தபடியே நடக்க வேண்டும் என்பதற்காக, வழிநடத்தும் பொறுப்பைத் தந்தையின் கையில் விட்டுவிடுவாள். இறைத்தந்தையின் மீது முழு நம்பிக்கை கொள்வதே புனிதத்தின் வழி என்று உலகுக்குக் கற்பித்தவர் அவர். அந்தப் பாடத்தின் அரிச்சுவடியை அவர் ஓர் இரவு நேர நடையில், தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படித்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

1887 ஆம் ஆண்டு பெந்தகோஸ்தே ஞாயிறன்று, கார்மேல் மடத்தில் சேர அனுமதி கேட்டு 14 வயதுத் தெரேசா தந்தையிடம் வந்தாள். அது நடந்ததும் தோட்டத்தில்தான். கண்ணீரோடு சம்மதித்த தந்தை, தாழ்ந்த சுவரொன்றில் பூத்திருந்த சிறு வெண்மலரைப் பறித்து அவளிடம் கொடுத்தார். இறைவன் அதை எவ்வளவு அக்கறையோடு உருவாக்கிப் பாதுகாத்திருக்கிறார் என்பதையும் விளக்கினார். அந்தச் செடி வேர் அறாமல் அவர் கையோடு வந்திருந்ததைத் தெரேசா கவனித்தாள். வேரோடு பெயர்த்து வேறு மண்ணில் நடப்பட்டவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு, அந்த மலரின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பூட்டிய கதவு

2013 ஆம் ஆண்டளவில் என் தந்தையின் நினைவு தடுமாறத் தொடங்கியது. முதலில் பெயர்கள் மறந்தன. பிறகு பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று நள்ளிரவில் எழுந்து கவ்வாத்துக் கத்தியைத் தேடுவார். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கடந்துவிட்டதை அவரால் நினைவில் கொள்ள முடியவில்லை. ஒரு நாள் விடியுமுன் காணாமற்போனவர், மாலையில்தான் வேறொரு தோட்டத்தின் எல்லையில், மழையில் நனைந்தபடி கண்டுபிடிக்கப்பட்டார். ஊரில் பலரும் பலவாறு பேசினார்கள்.

நான் அப்போது தொலைவிலுள்ள ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் என் சகோதரரை அழைத்து, கதவுக்கு ஒரு பூட்டு வாங்கச் சொன்னேன். அவரது பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்கின்றோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் இருந்தது. வழுக்கும் பாதையும் பள்ளமும் நிறைந்த இடம் அது. ஆனால் என் மனத்தில் வேறொன்றும் இருந்தது: குருவானவரின் தந்தை இப்படி அலைகின்றாரே என்று ஊர் பேசுவதை நான் விரும்பவில்லை. அதற்குப் பிறகு நான் வீட்டுக்குச் சென்ற நாட்களில், சிறு சன்னலருகே அமர்ந்திருக்கும் அப்பாவையே கண்டேன். பேச்சுக் குறைந்துவிட்டது, உணவும் குறைந்துவிட்டது.

2015 ஆம் ஆண்டு ஒக்டோபர் 18 ஆம் திகதி, குடும்பம் பற்றிய ஆயர் மாமன்றம் உரோமையில் நடந்துகொண்டிருந்த நாட்களில், திருத்தந்தை பிரான்சிஸ் லூயியையும் செலியையும் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். தம்பதியராக ஒரே வேளையில் அவ்வாறு உயர்த்தப்பட்டவர்களுள் இவர்களே நவீன காலத்தின் முதல்வர்கள். அந்த ஞாயிறு மறையுரைக்காக அவர்களுடைய வாழ்வை நான் மீண்டும் வாசித்தேன். தெரேசா மடத்தில் சேர்ந்த சில மாதங்களில், 1888 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மனநலம் குன்றிய லூயி வீட்டைவிட்டுக் காணாமற்போய், சில நாட்களின் பின் லெ ஹாவ்ரு துறைமுக நகரில் கண்டுபிடிக்கப்பட்டார் என்பதைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது.

1889 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் கான் நகரிலிருந்த மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இருந்தார். பிள்ளைகள் மடத்துக்குப் போனதால்தான் தந்தைக்கு இப்படியாயிற்று என்று லிசியே நகரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் தந்தையை மறைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அவர் பட்ட அந்த ஆண்டுகளைத் தம் குடும்பத்துக்குக் கிடைத்த பெரும் செல்வமாகத் தெரேசா பின்னாளில் கருதினார். 1892 ஆம் ஆண்டு மே மாதத்தில் லூயி வீட்டுக்கு அழைத்து வரப்பட்டார். கால்கள் செயலிழந்திருந்தன. கோடைக்காலங்களில் உறவினர்களின் லா மூஸ் பண்ணை மாளிகைக்குச் சென்றபோது, மகள் செலின் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மரங்களின் நடுவே தள்ளிச் செல்வாள். அந்தி வேளையில் பறவையொன்று பாடுவதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை அவள் தன் சகோதரியருக்கு எழுதினாள். 1894 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் திகதி, அந்தக் கிராமப்புற வீட்டில், செலின் அருகிலிருக்க, லூயி உயிர் நீத்தார்.

வாசித்து முடித்தபின் சீராக்கின் ஞானநூலை எடுத்தேன். அதன் மூன்றாம் அதிகாரத்தில் 12 ஆம், 13 ஆம் வசனங்கள் முதுமையடைந்த தந்தைக்கு உதவும்படி பிள்ளைக்குக் கட்டளையிடுகின்றன. அவருடைய அறிவே குன்றிப்போனாலும் பொறுமையோடு இருக்க வேண்டும், இகழக் கூடாது என்கின்றன. எத்தனையோ திருமணங்களிலும் அடக்கச் சடங்குகளிலும் நான் பிறருக்கு விளக்கிய பகுதி அது.

அந்த வாரமே ஊருக்குச் சென்றேன். பூட்டை அகற்றிவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லத் தயங்கித் தயங்கி வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்து, "நீ சொன்னியேன்னு பூட்டுனேன் தம்பி. ஆனா எல்லாரும் வேலைக்குப் போனப்புறம் தெறந்து, கையப் புடிச்சி ஒரு சுத்துக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துருவேன். அவரு வெளிய போகாத நாளு ஏது?" என்றார். இறையியல் கற்ற மகன் பூட்டிய கதவை, எழுத்தறியாத மனைவி நாள்தோறும் திறந்துகொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மனிதரோடு வாழ்ந்தவருக்கு, அவர் எதனால் உயிர் வாழ்கின்றார் என்பது தெரிந்திருந்தது.

பின்னர் நாங்கள் கூடிப் பேசினோம். கதவில் ஒரு சிறு மணியைக் கட்டினோம். பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டையை அவருடைய சட்டைப் பையில் செபமாலையோடு வைத்தோம். அயல் லயங்களில் உள்ளவர்களிடமும், கடைக்காரரிடமும், ஓட்டோ ஓட்டும் தம்பிமாரிடமும் மறைக்காமல் நிலைமையைச் சொன்னோம். வெட்கப்பட்டு மறைத்திருந்த காலத்தில் கிடைக்காத உதவி, சொன்ன பிறகு தாராளமாகக் கிடைத்தது. மாலையில் யாராவது ஒருவர் அவரோடு நடந்தோம்.

அவருடைய இறுதி ஆண்டில் ஒரு நாள் நானும் அவரும் தேயிலை மலைப் பாதையில் நடந்தோம். என்னை மகனென்று அவருக்குத் தெரியவில்லை. "சாமி" என்றே அழைத்தார். கவ்வாத்து வெட்டிய மலையருகே வந்ததும் நின்று, குனிந்து, ஒரு கட்டையில் எழும்பியிருந்த தளிரைத் தொட்டுக் காட்டி, "பாருங்க சாமி, வந்துருச்சி" என்றார். என் பெயரை மறந்த அந்தத் தந்தை, எனக்குக் காட்ட வேண்டியதை மறக்கவில்லை.

வெளியில் உலாவும் இறைவன்

அன்பார்ந்தவர்களே, தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரத்தில், மாலைக் காற்று வீசும் வேளையில் இறைவன் தோட்டத்தில் உலாவியதாக வாசிக்கின்றோம். நம் ஆண்டவர் இயேசுவும் பெரும்பாலும் வெட்டவெளியில்தான் போதித்தார். விதைப்பவரையும், அத்தி மரத்தையும், குருவியையும், காட்டு மலரையும் அவர் உவமைகளாக்கினார். தனித்துச் செபிக்க மலைக்கே சென்றார். உயிர்த்தெழுந்த பின் ஏரிக்கரையில் தீ மூட்டி, மீன் சமைத்து, களைத்து வந்த சீடர்களை உணவருந்த அழைத்தார். சேற்றுக் காலோடு சாக்கில் மீன் சுமந்து வந்த என் தந்தையை நான் வரவேற்காத நாளில், இந்த நற்செய்திப் பகுதி எனக்கு நினைவுக்கு வரவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 84 ஆம் பத்தியில், இறைவனோடு நமக்குள்ள நட்பின் வரலாறு குறிப்பிட்ட இடங்களோடு பின்னிப் பிணைந்தது என்று கூறுகின்றார். மலைகளின் நடுவே வளர்ந்தவரும், ஓடைக்கரையில் அமர்ந்து நீர் அருந்தியவரும் அவ்விடங்களுக்குத் திரும்பும்போது தம்மையே மீண்டும் கண்டுகொள்கின்றனர் என்பது அவர் கருத்து. நம் தந்தையர் விட்டுச்சென்ற சொத்துக்குப் பத்திரம் இல்லாதிருக்கலாம். இருநூறு ஆண்டுகளாக உழைத்த மண்ணில் சொந்தமாக ஒரு துண்டுக் காணியும் இல்லாதவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆயினும் அவர்கள் நடந்த பாதையும், அமர்ந்த பாறையும், கைகாட்டிய மலையும் நம் விசுவாசத்தின் வரலாற்றில் எழுதப்பட்டுள்ளன.

புனிதர்கள் லூயி, செலி ஆகியோரின் திருவிழா ஜூலை 12 ஆம் திகதி கொண்டாடப்படுகின்றது. இம்மாதத்தில் நம் குடும்பங்கள் மூன்று சிறு காரியங்களைச் செய்யலாம் என்று எண்ணுகின்றேன்.

முதலாவது, மறைந்த தந்தைக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு நின்றுவிட வேண்டாம். அவர் விரும்பி நடந்த பாதையில் பேரப்பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். தாத்தா இங்கேதான் மீன் பிடிப்பார், இந்த மரத்தடியில்தான் சோறு உண்பார் என்று சொல்லுங்கள். நினைவு என்பது நிழற்படத்துக்கு மாலையிடுவது மட்டுமன்று.

இரண்டாவது, முதுமையில் நினைவு தடுமாறும் பெற்றோர் உங்கள் வீட்டில் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள், அயலவரிடம் சொல்லுங்கள், பங்குக் குருவிடம் சொல்லுங்கள். பாதுகாப்பு அவசியந்தான். ஆனால் பூட்டு மட்டுமே பாதுகாப்பாகிவிடக் கூடாது. நாளுக்கு அரை மணி நேரமாவது கையைப் பிடித்து வெளியே அழைத்துச் செல்லுங்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் தொழில் செய்யும் பிள்ளைகள், அனுப்பும் பணத்தோடு விடுமுறையில் ஒரு மாலை நடையையும் கொடுங்கள்.

மூன்றாவது, கணவரை இழந்து வாழும் தாய்மாரிடம் உட்கார்ந்து, அவரைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளைகளாகிய நாம் அறியாத தந்தையை அவர்கள் அறிவார்கள். என் தாய் பூட்டைத் திறந்ததை நான் கேட்காதிருந்தால், என் தந்தையையும் முழுமையாக அறிந்திருக்க மாட்டேன்.

இந்த ஆண்டும் நினைவுத் திருப்பலிக்குச் செல்வேன். மழை பெய்துகொண்டுதான் இருக்கும். சற்று விட்டால், அம்மாவைக் கைப்பிடித்து மயானத்துக்கும், அங்கிருந்து கவ்வாத்து மலையின் அடிவாரம் வரைக்கும் நடப்போம். அதற்கு மேல் அம்மாவால் ஏற முடிவதில்லை. அங்கே நின்று இருவரும் மேலே பார்த்துக்கொண்டிருப்போம்.

விண்ணையும் மண்ணையும் படைத்த தந்தையே, மலைகளையும் ஓடைகளையும் நேசித்து, அவற்றில் உமது கைவேலையைக் கண்டு, எங்களுக்கும் காட்டிய எங்கள் தந்தையரை உமது ஒளியில் சேர்த்தருளும். அவர்களைப் பிரிந்து வாழும் எங்கள் தாய்மாருக்கு ஆறுதலாயிரும். நினைவு இழந்து வாடும் முதியோரை நீர் ஒருபோதும் மறப்பதில்லை. அவர்களின் கையைப் பிடித்து நடக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். புனித லூயியே, புனித செலியே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.